பிளேரைட் ரிவ்யூ: மீன் விலை பேஜ வெச்சு ஓட்டிப் பாத்தது

பிளேரைட்னா பிரவுசரத் தானாவே தொறந்து, மனுஷன் மாதிரி அழுத்தி, பேஜ் சரியா வருதான்னு பாத்துச் சொல்ற டூல். அதப் பத்தி முடிவ மொதல்லயே சொல்லிடுறேன். சர்வர்ல இருந்து வெறும் கூடு தான் வருது, உள்ள இருக்குறத எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் தான் கட்டுதுன்னா, அந்த மாதிரி பேஜ டெஸ்ட் பண்ண இப்போதைக்கு பிளேரைட் தான் நல்ல டூல், காசும் கிடையாது. ஆனா அது பச்சை டிக் காட்டிருச்சுங்கறதுக்காக பாம்பன் கரைல நிக்கிறவர் கைல இருக்குற போன்லயும் சரியா வருதுன்னு எடுத்துக்கக் கூடாது, அதுக்குத் தனியா கொஞ்சம் வேல இருக்கு, அதையும் சேத்துத் தான் எழுதுறேன்.

எங்க பேஜ் என்னன்னு சொன்னா தான் மத்தது புரியும். ராமநாதபுரத்துல சின்ன ஆபீஸ் எங்களுது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர்னு கரையோரம் எங்கெல்லாம் மீன் எறங்குதோ அங்க அன்னன்னிக்கு ஏலத்துல போன விலைய வியாபாரிங்க போன்ல பாக்குறதுக்கு ஒரு பேஜ். ஊரத் தேர்ந்தெடுத்தா நண்டு, கணவாய், இறால், சங்கரா, சூடை, காரல், கொடுவான்னு லிஸ்ட் வரும், மேல தேதி, கீழ விசைப்படகு நாட்டுப்படகு தனித்தனியா. பாக்க ஒண்ணுமில்லாத பேஜ் தான். ஆனா பிரவுசர்ல சோர்ஸ் பாத்தீங்கன்னா ஒரு காலி டிவ்வும் (வெறும் பெட்டி) ஒரு ஸ்கிரிப்ட் டேகும் தான் இருக்கும், நண்டும் கிடையாது விலையும் கிடையாது. எல்லாம் ஸ்கிரிப்ட் ஓடி, ஏபிஐய (சர்வர்ல டேட்டா கேக்குற வழி) கூப்பிட்டு, ஜேசான்ங்கற வடிவத்துல டேட்டா வந்து, அதுக்கப்புறம் தான் வரிசை வரிசையா வந்து உக்காரும்.

இங்க தான் பழைய வழியில டெஸ்ட் பண்றவங்களுக்கு இடிக்கும். எச்டிஎம்எல்ல எறக்கி அதுக்குள்ள நண்டுங்கற எழுத்து இருக்கான்னு தேடுற ஸ்கிரிப்ட், பைத்தான்ல பியூட்டிஃபுல் சூப் வெச்சு எழுதுறது, ஜாவால ஜேசூப் வெச்சு எழுதுறது, இதுல எதுவும் ஜாவாஸ்கிரிப்ட்ட ஓட்டாது, வந்த எழுத்த மட்டும் படிக்கும், அதனால காலி டிவ்வத் தான் பாக்கும். ஜேஎஸ்டாம்னு பிரவுசர் மாதிரி நடிக்கிற லைப்ரரி இருக்கு, அதுல ஓட்டுற டெஸ்ட் ஸ்கிரிப்ட்ட ஓட்டும், ஆனா அதுக்கு லேஅவுட்டே கிடையாது, ஒரு பட்டன் இன்னொண்ணுக்கு அடியில மறைஞ்சு கிடந்தாலும் அதுக்குத் தெரியாது. தலையில்லாத (ஹெட்லெஸ்) பிரவுசர்னு, அதாவது திரையில ஜன்னல் தொறக்காம ஓடுறது, ஃபாண்டம்ஜேஎஸ் 2011ல வந்துச்சு, ரொம்ப பேரு அத நம்பி எழுதுனாங்க, 2017ல குரோமே ஹெட்லெஸ்ஸா ஓட ஆரம்பிச்சதும் அதுக்கு வேல போச்சு, 2018ல அத நிறுத்தியே வெச்சுட்டாங்க. அந்த குரோம ஓட்டுறதுக்குன்னு கூகுள்ல இருந்து பப்பட்டியர் வந்துச்சு, அதுல வேல பாத்தவங்கள்ல சிலபேரு மைக்ரோசாஃப்ட் போய் பண்ணது தான் பிளேரைட், 2020 ஜனவரில வெளிய வந்துச்சு. குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட்னு மூணு பிரவுசர் எஞ்சினையும் ஒரே கோட்ல ஓட்டலாம், ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், பைத்தான், ஜாவா, டாட்நெட் எதுல வேணா எழுதலாம்.

செலினியம் இருக்கேன்னு கேப்பீங்க. பிரவுசர ஓட்டுற பழைய டூல், 2004ல இருந்து இருக்கு, அது பிரவுசரோட பேசுற வெப்டிரைவர் முறை 2018ல டபிள்யூத்ரீசிங்கற வெப் தர அமைப்போட ஸ்டாண்டர்டாவே ஆயிருச்சு, அத நான் குறை சொல்ல வரல. ஆனா ஸ்கிரிப்ட் கட்டுற பேஜ்ல செலினியம் வெச்சு எழுதும்போது எத்தன நேரம் காத்திருக்கணும்ங்கற பொறுப்ப எழுதுறவன் தலையில வெச்சிருது. எக்ஸ்பிளிசிட் வெயிட் (இன்னது வர்ற வரைக்கும் காத்திருன்னு எழுதுறது) இருக்கு, ஒழுங்கா போட்டா ஒழுங்கா ஓடும், ஆனா அவசரத்துல எல்லாரும் போடுறது ஸ்லீப். ரெண்டு செகண்ட் தூங்கு, மூணு செகண்ட் தூங்கு. ஆபீஸ் ஃபைபர் நெட்ல ரெண்டு செகண்ட் ஜாஸ்தி, மழைக்காலத்துல சாயங்காலம் நெட் இழுக்கும்போது அதே ரெண்டு செகண்ட் பத்தாது, அப்ப டெஸ்ட் ஃபெயில் ஆகும், திரும்ப ஓட்டுனா பாஸ் ஆகும், கொஞ்ச நாள்ல டீம்ல யாரும் சிவப்ப நம்ப மாட்டாங்க. சிவப்பு வந்தா "திரும்ப ஓட்டிப் பாருப்பா"ன்னு சொல்ற பழக்கம் வந்துருச்சுன்னா அந்த டெஸ்ட்ட வெச்சிருக்குறதும் ஒண்ணு தான் தூக்கிப் போடுறதும் ஒண்ணு தான்.

பிளேரைட் இந்த இடத்துல தான் எனக்குப் பிடிச்சுது. நேரத்துக்காகக் காத்திருக்காது, விஷயத்துக்காகக் காத்திருக்கும். ஒரு பட்டன கிளிக் பண்ணச் சொன்னா, அது திரையில தெரியுதா, அசையாம நிக்குதா, வேற எதுவும் மேல மூடாம கிளிக் அதுக்கே போய்ச் சேருமா, டிசேபிள் ஆகாம இருக்கான்னு எல்லாத்தையும் பாத்துட்டுத் தான் கிளிக் பண்ணும். அசையாமன்னா அடுத்தடுத்து ரெண்டு ஃப்ரேம்ல அதே இடத்துல அதே அளவுல இருக்கணும், அந்த அளவுக்குப் பாக்குது. எங்க பேஜ்ல கீழ இருந்து ஏறி வர்ற ஊர் லிஸ்ட் ஒண்ணு இருக்கு, அது ஏறிக்கிட்டு இருக்கும்போதே கிளிக் போய் பக்கத்து ஊர்ல விழறதுங்கற பேச்சே இல்ல. செக் பண்ற இடத்துலயும் அப்படித்தான், தலைப்புல தொண்டின்னு வரணும்னு எழுதுனா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் பாக்கும், நீங்க மாத்தாம விட்டா அஞ்சு செகண்ட் வரைக்கும், வந்த நொடியே அடுத்த வரிக்குப் போயிரும். வேகமா இருந்தா வேகமா முடியும், மெதுவா இருந்தா பொறுத்துக்கும்.

ஆனா ஒண்ணு, என்ன கேக்குறோம்னு தெரிஞ்சு கேக்கணும். எங்க பேஜ்ல விலை வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல ₹0ன்னு ஒரு எழுத்து நிக்கும், டேட்டா வந்ததும் மாறும். விலை தெரியுதான்னு மட்டும் கேட்டா அந்த ₹0வப் பாத்துட்டே தெரியுதுன்னு பாஸ் குடுத்துரும், அது பொய்யும் இல்ல, தெரியத்தான் செய்யுது. அதனால தெரியுதான்னு கேக்காதீங்க, இந்த விலை தான் இருக்கான்னு கேளுங்க. இன்னொண்ணு, ஒபாசிட்டி பூஜ்யமா இருக்குற, அதாவது கண்ணுக்கே தெரியாத எழுத்தையும் பிளேரைட் தெரியுதுன்னு தான் கணக்குல எடுக்கும், மெல்ல மெல்லத் தெரிய வர்ற அனிமேஷன் வெச்சிருக்குறவங்க இத ஞாபகம் வெச்சுக்கணும். நெட்வொர்க் ஐடில்னு ஒரு காத்திருப்பு இருக்கு, அரை செகண்டுக்கு நெட்ல எந்தப் போக்குவரத்தும் இல்லேன்னா பேஜ் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கும், பாக்க நல்லாத் தெரியும், ஆனா டெஸ்ட்டுக்கு அத நம்பாதீங்கன்னு அவங்க டாக்குமென்டேஷன்லயே எழுதியிருக்கு. விலைய அடிக்கடி போய்க் கேட்டுக்கிட்டே இருக்குற பேஜ்ல அந்த அமைதி வராமலே போகலாம்.

இப்ப இந்த டூலுக்காக நான் வாதாடுறதுக்கு முக்கியக் காரணமான விஷயத்துக்கு வர்றேன். ஏபிஐ பதில நாமளே நடுவுல நின்னு புடிச்சு, நமக்கு வேணுங்கற பதிலக் குடுக்கலாம், வேணுங்கற அளவு தாமதிச்சும் குடுக்கலாம். ரவுட்னு பேரு. கடலுக்குப் போகாத நாள்லயும் மீன் விலைய டெஸ்ட் பண்ணலாம்ங்கறது ஒரு வசதி, ஆனா பெரிய வசதி அது இல்ல. இந்தக் கேஸப் பாருங்க: வியாபாரி மொதல்ல மண்டபம் அழுத்துறாரு, நெட் இழுக்குது, பொறுமையில்லாம தொண்டிய அழுத்துறாரு. தொண்டி பதில் சீக்கிரம் வந்துருது, தலைப்பு தொண்டி, விலை தொண்டி, எல்லாம் சரி. அதுக்கப்புறம் ஆடி அசைஞ்சு மண்டபத்தோட பழைய பதில் வந்து சேருது, ஸ்கிரிப்ட் அத வாங்கி லிஸ்ட்ல போட்டுருது. இப்ப தலைப்பு தொண்டி, கீழ விலை மண்டபம். ஸ்பின்னர் இல்ல, எரர் இல்ல, எதுவும் தப்பாத் தெரியாது, அந்த விலைய வெச்சு ஒருத்தர் ஏலத்துல நிப்பாரு.

இத கையால செக் பண்ணி புடிக்கிறது நடக்காத காரியம், ஏன்னா ஆபீஸ் நெட்ல ரெண்டு பதிலும் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வரிசையா வந்துரும். பிளேரைட்ல மண்டபம் பதில மட்டும் மூணு செகண்ட் புடிச்சு வெச்சு, தொண்டி பதில உடனே விட்டேன். டெஸ்ட்டுக்குன்னு வெச்ச விலை, மண்டபம் நண்டுக்கு 111, தொண்டி நண்டுக்கு 222, அப்பத்தான் எது எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்ததும் தெரியும். மண்டபம் கிளிக், தொண்டி கிளிக், மண்டபம் பதில் வந்து சேர்ற வரைக்கும் காத்திரு, அப்புறம் நண்டு வரிசையில 222 இருக்கான்னு கேளு. 111 வந்து நின்னுச்சு. பக்கத்து சீட்டுல இருந்த கீழக்கரைப் பொண்ணு, புதுசா வேலைக்குச் சேந்தவங்க, திரையப் பாத்துட்டு "அண்ணே, இது எங்க அத்தா போன்ல நடந்திருக்கு, அவுக நெட்டு சரியில்லன்னு சொல்லிட்டு விட்டுட்டாக"ன்னு சொன்னாங்க. அதத் திருத்துறது கஷ்டமே இல்ல, பழைய கோரிக்கைய அபார்ட் கன்ட்ரோலர் வெச்சு நிறுத்திடலாம், இல்ல வந்த பதில் இப்ப தேர்ந்தெடுத்த ஊருக்குத் தானான்னு பாத்துட்டுப் போடலாம். கஷ்டம் முழுக்க அது இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுல தான், பதில நம்ம இஷ்டத்துக்குத் தாமதிக்க விடுற டூல் இல்லாம அது கைக்கு ஆப்டாது.

தேதி விஷயமும் அப்படித்தான். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு போகும். அப்ப எங்க பேஜ் விசைப்படகுப் பகுதியில விலை காட்டாம தடைக்காலம்னு காட்டணும், நாட்டுப்படகு விலை வழக்கம் போல வரணும். இத டெஸ்ட் பண்ண ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கவா முடியும். பிளேரைட்ல கிளாக்னு ஒண்ணு 2024ல சேத்தாங்க, பிரவுசருக்குள்ள இப்ப என்ன நேரம்னு நாமளே சொல்லலாம், டைமர்களயும் நாமளே தள்ளி விடலாம். டைம்ஸோன ஏசியா கொல்கத்தான்னு தனியா வெக்கணும், இத மறந்துராதீங்க, ஏன்னா கோட் மாறுனதும் தானா டெஸ்ட் ஓட்டுற சிஐ மெஷின் பெரும்பாலும் யூடிசில (உலகப் பொது நேரம்) தான் ஓடும்.

ஜூன் 15 விடிகாலை நாலரை மணின்னு வெச்சு ஓட்டுனப்ப பேஜ் மேல 14ன்னு தேதி காட்டுச்சு, தடைக்காலம்னும் போட்டுச்சு. காரணம் பாத்தீங்கன்னா, இன்னிக்குத் தேதிய எடுக்க ஜாவாஸ்கிரிப்ட்ல நிறைய பேரு எழுதுற ஒரு குறுக்கு வழி இருக்கு, டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் கூப்பிட்டு மொத பத்து எழுத்த வெட்டி எடுக்குறது. அது குடுக்குறது நம்ம ஊர்த் தேதி இல்ல, யூடிசி தேதி. நமக்கு அஞ்சரை மணி நேரம் வித்தியாசம், அதனால ராத்திரி பன்னெண்டுல இருந்து காலைல அஞ்சரை வரைக்கும் அது நேத்துத் தேதியக் குடுக்கும். ஆபீஸ் நேரத்துல வேல பாக்குற யாருக்கும் இது கண்ணுல படாது, பத்து மணிக்கு வந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கும். ஆனா கரையில வேல நடக்குறதே அந்த விடிகாலை நேரத்துல தான், போட்டு வந்து, பெட்டி எறங்கி, ஏலம் விட்டு, ஐஸ் போட்டு லாரி ஏத்துறது வரைக்கும் அந்த இருட்டுலயே முடிஞ்சுரும். நம்ம பேஜ் யாருக்காக இருக்கோ அவங்க பாக்குற நேரத்துல மட்டும் தப்பா இருக்குற பிழை இது. பேஜ யாரு எந்த நேரத்துல பாப்பாங்கன்னு மொதல்ல எழுதி வெச்சுட்டு அந்த நேரத்த கிளாக்ல வெச்சு ஓட்டுங்க, இத எந்த ஊர்ல எந்தத் தொழிலுக்கு பேஜ் பண்றவங்களுக்கும் சொல்வேன்.

லோக்கேலும், அதாவது பிரவுசரோட மொழி, நாட்டு செட்டிங்கும், இதே ரகம். பிளேரைட் நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா அமெரிக்க ஆங்கிலமா தான் பிரவுசரத் தொறக்கும். பேஜ்ல தொகைய டூலோக்கேல்ஸ்ட்ரிங்னு மட்டும் எழுதி விட்டிருந்தா டெஸ்ட்ல 125,000ன்னு வரும், நம்ம ஊரு செட்டிங் வெச்ச போன்ல 1,25,000ன்னு வரும். ரெண்டுல எது சரின்னு பேஜ் தான் தெளிவாச் சொல்லணும், டெஸ்ட்டயும் தமிழ் இந்தியா லோக்கேல்ல ஓட்டணும்.

அடுத்தது தமிழ்ல பேஜ் பண்ற எல்லாரும் படிக்க வேண்டியது, கொஞ்சம் நிதானமாப் படிங்க. தொண்டிங்கற எழுத்தத் தேடச் சொல்லி ஒரு டெஸ்ட். ஸ்கிரீன்ஷாட்ல தொண்டி பளிச்சுன்னு இருக்கு. டெஸ்ட் சொல்லுது அப்படி ஒண்ணு இல்லேன்னு. கொடுவாவும் அதே மாதிரி, மத்த மீன் எல்லாம் கிடைக்குது கொடுவா மட்டும் கிடைக்கல. ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாத்தா ஒகரக் குறி. யூனிகோட்ல தொ-வ ரெண்டு விதமா சேமிக்கலாம். த போட்டு ொ-ங்கற ஒரே குறி, அது ஒரு வழி. த போட்டு ெ தனியா, ா தனியான்னு ரெண்டு குறி, அது இன்னொரு வழி. திரையில ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியும், எந்தக் கண்ணாலயும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, ஆனா கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற எழுத்துச் சரம். எங்களுக்கு வந்த ஊர்ப் பேர் மீன் பேர் லிஸ்ட் பழைய ஃபான்ட்ல அடிச்சு அப்புறம் யூனிகோடுக்கு மாத்துன ஃபைல், அதுல கொம்பும் காலும் பிரிஞ்சே வந்திருந்துச்சு. டெஸ்ட்ல நான் கீபோர்டுல அடிச்சது ஒட்டுன குறி.

பிளேரைட் எழுத்த ஒப்பிடும்போது ஸ்பேஸ் எல்லாம் சரி பண்ணிக்கும், நாலு ஸ்பேஸ ஒண்ணா எடுத்துக்கும், ஆனா இந்த மாதிரி குறிகள ஒண்ணாக்கிப் பாக்காது. இது டூலோட குறைன்னு சொல்லலாம், நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஏன்னா அது அப்படி கறாரா ஒப்பிட்டதால தான் உண்மையான பிழை வெளிய வந்துச்சு. எங்க பேஜ்ல மேல ஒரு தேடல் பெட்டி இருக்கு, அதுல அடிச்சா ஸ்கிரிப்ட் லிஸ்ட்ட வடிகட்டும். தொண்டி பக்கத்து வியாபாரி ஒருத்தர் அதுக்கு முன்னாடியே போன் பண்ணி, "தம்பி, மண்டபம்னு அடிச்சா வருது, எங்க ஊர அடிச்சா மட்டும் ஒண்ணும் வரமாட்டேங்குதே, எங்களச் சேக்கலையா?"ன்னு கேட்டிருந்தாரு. அவரு போன் கீபோர்டு அடிச்சதும் ஒட்டுன குறி, லிஸ்ட்ல இருந்தது பிரிஞ்ச குறி, அவ்ளோ தான். ஜாவாஸ்கிரிப்ட்ல நார்மலைஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, என்எஃப்சின்னு குடுத்தா ரெண்டு விதத்தையும் ஒரே விதமாக்கிரும். டேட்டா உள்ள வர்ற இடத்துல ஒரு தடவ, தேடல் பெட்டியில அடிச்சத ஒப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ரெண்டு எடத்துலயும் போடணும். டெஸ்ட்டும் ரெண்டு விதமா அடிச்சுப் பாக்கணும், ஒட்டுன குறி வெச்சு ஒண்ணு, பிரிஞ்ச குறி வெச்சு ஒண்ணு. ஒ, ஓ, ஔ குறி வர்ற எல்லாச் சொல்லுக்கும் இந்தப் பிரச்சினை வரலாம், கொழும்பு, கோழி, தோணி எதுவா இருந்தாலும். தமிழ்ல தேடல் வெச்சிருக்குற எந்த பேஜா இருந்தாலும் இன்னிக்கே போய்ப் பாருங்க.

ஃபெயில் ஆன டெஸ்ட்ட ஆராய்றதுக்கு ட்ரேஸ் வியூவர் இருக்கு, இதுக்கு இணையா நான் வேற எதுலயும் பாக்கல. ஒவ்வொரு படிக்கும் முன்னாடி பேஜ் எப்படி இருந்துச்சு, பின்னாடி எப்படி ஆச்சு, அந்த நேரத்துல எந்த ஏபிஐ போச்சு, என்ன பதில் வந்துச்சு, கன்சோல்ல என்ன எழுதுச்சு, எல்லாம் ஒரே இடத்துல. அது வெறும் படம் இல்ல, அந்த நேரத்து டாமையே, அதாவது பேஜோட உள்கட்டமைப்பையே எடுத்து வெச்சிருக்கும், உள்ள போய் எந்த எலிமென்ட்ல என்ன எழுத்து இருக்குன்னு பாக்கலாம். தொண்டி விஷயத்துல அப்படித்தான் உள்ள போய் எழுத்த காப்பி பண்ணி எண்ணிப் பாத்தேன், ஒண்ணுல ஆறு குறி, இன்னொண்ணுல ஏழு. ஜிப் ஃபைலா வரும், வாட்ஸ்அப்ல கூட டீம்ல இருக்குற ஆளுக்கு அனுப்பிரலாம், "என் மெஷின்ல வருதே"ங்கற வாக்குவாதம் அதோட முடியும்.

லொகேட்டர், அதாவது பேஜ்ல எந்த எலிமென்ட்டுன்னு டெஸ்ட்டுக்குக் காட்டுற வழி, அதப் பத்தி ரெண்டு வரி. கிளாஸ் பேர வெச்சுத் தேடாதீங்க, ஸ்டைல் மாத்துனா டெஸ்ட் ஒடையும். பட்டன், தலைப்பு, லிங்க்னு ரோல வெச்சும் அதுல எழுதியிருக்குற பேர வெச்சும் தேடுங்க, பாக்குறவங்க எதப் பாத்து அழுத்துறாங்களோ அதே தான். ஒரு லொகேட்டருக்கு ரெண்டு எலிமென்ட் பொருந்துனா அது ஏதோ ஒண்ண அழுத்திட்டுப் போகாது, ரெண்டு இருக்குன்னு நிப்பாட்டிரும், ஆரம்பத்துல எரிச்சலா இருக்கும் ஆனா அது தான் சரி. நண்டுன்னு தேடுனா விசைப்படகுப் பகுதியில ஒண்ணு நாட்டுப்படகுப் பகுதியில ஒண்ணுன்னு ரெண்டு இருக்கும், எந்த நண்டுன்னு நாம தான் சொல்லணும். அப்புறம் நீளமான லிஸ்ட்ல திரைக்குள்ள தெரியிற வரிசைய மட்டும் கட்டுற லைப்ரரி போட்டிருந்தீங்கன்னா, மொத்த வரிசைய எண்ணாதீங்க, கீழ இருக்குறது டாம்லயே இருக்காது.

சரி, எங்க இது பத்தாதுன்னும் சொல்லணும்.

வெப்கிட்ல ஓட்டுறது ஐபோன் சஃபாரில ஓட்டுறது ஆகாது. எஞ்சின் அதே குடும்பம் தான், ஆனா பிளேரைட் ஆளுங்க தனியா கட்டுன பில்டு, ஆப்பிள் குடுக்குற சஃபாரி இல்ல. வளைகுடாவுல இருந்து லீவுக்கு வர்றவங்க கைல ஐபோன் நிறையப் பாக்குறோம், அவங்களுக்காக உண்மையான போன்ல ஒரு தடவ கையாலயாவது பாக்கணும், ஆட்டோமேட் பண்ணணும்னா ஆப்பியம் மாதிரி போன் டெஸ்ட் டூல் பக்கம் தான் போகணும். போன் மாதிரி காட்டுற வசதி பிளேரைட்ல இருக்கு, பிக்சல்னு பேரு குடுத்தா திரை அளவும் டச்சும் அப்படி மாறும், ஆனா உள்ள ஓடுறது உங்க லாப்டாப் பிராசஸர் தான். கரையில பாதிப் பேரு கைல இருக்குறது பழைய ஆண்ட்ராய்டு, ரேம் கம்மி, உப்புக் காத்துல சார்ஜர் பின்னே பிடிக்காம இருக்கும். அந்த போன்ல ஸ்கிரிப்ட் ஓடி முடிக்கறதுக்கே நேரமாகும். குரோமியத்துல மட்டும் டெவ்டூல்ஸ் புரோட்டோகால் வழியா சிபியூவ மெதுவாக்கலாம், நெட்டையும் மெதுவாக்கலாம், மத்த ரெண்டுலயும் அந்த வழி கிடையாது. அதுக்கு நான் பண்றது மேல சொன்ன ரவுட்ல தாமதம் வெக்கிறது, அது மூணுலயும் வேல செய்யும்.

சர்வர்லயே எச்டிஎம்எல் கட்டி அனுப்பிட்டு அப்புறம் ஸ்கிரிப்ட் வந்து அதுக்கு உயிர் குடுக்குற மாதிரி பண்றவங்க இன்னொண்ணு கவனிக்கணும். பட்டன் தெரியும், டிசேபிள் ஆகியும் இருக்காது, ஆனா அழுத்துனா ஒண்ணும் நடக்காது, ஏன்னா அதுக்கான ஃபங்ஷன் இன்னும் வந்து ஒட்டல. பிளேரைட் எல்லாம் சரின்னு பாத்துட்டு கிளிக் பண்ணும், கிளிக் காத்துல போகும், அடுத்த வரி ஃபெயில் ஆகும். இத டூல் மேல பழி போட்டு ஸ்லீப் போடுறவங்க உண்டு. அப்படிப் பண்ணாதீங்க, மெதுவான போன்ல வியாபாரி அழுத்துனாலும் இதே தான் நடக்கும், ஸ்கிரிப்ட் வந்து ஒட்டுற வரைக்கும் பட்டன டிசேபிள்ல வெக்கிறது தான் தீர்வு, அப்ப பிளேரைட்டும் காத்திருக்கும் மனுஷனும் காத்திருப்பாரு.

நெட் இல்லாத நிலைமைய ஒரே வரியில வெக்கலாம், ஆஃப்லைன்னு சொன்னா போதும். எங்களுக்கு இது முக்கியம். தனுஷ்கோடி பக்கம் போனா போன் இலங்கை டவரப் புடிச்சுக்கும், ரோமிங் டேட்டா ஆஃப்ல இருந்தா நெட் சுத்தமா இருக்காது, அப்ப பேஜ் வெள்ளையா நிக்காம கடைசியா வந்த விலையையும் அது எந்த நேரத்து விலைங்கறதையும் காட்டணும். அதுக்கு சர்வீஸ் வொர்க்கர், அதாவது பேஜுக்கும் நெட்டுக்கும் நடுவுல நின்னு பழைய பதில எடுத்துக் குடுக்குற ஸ்கிரிப்ட், வெச்சிருக்கோம். ஆனா சர்வீஸ் வொர்க்கர் நடுவுல நிக்கும்போது நம்ம ரவுட் கண்ணுக்கு சில கோரிக்கைகள் படாது, போலிப் பதில் வெச்சது வேலையே செய்யாத மாதிரி இருக்கும். அதனால விலை டெஸ்ட்டெல்லாம் சர்வீஸ் வொர்க்கர பிளாக் பண்ணி ஓட்டுங்க, ஆஃப்லைன் டெஸ்ட்ட மட்டும் தனி ஃபைல்ல அது இருக்குற மாதிரி ஓட்டுங்க.

எறக்குறதுக்கு முன்னாடி: மூணு பிரவுசரும் சேத்தா சில நூறு எம்பி ஆகும், மொபைல் டேட்டால எறக்குறவங்க மொதல்ல குரோமியம் மட்டும் எறக்குங்க, மத்தது சிஐல ஓடட்டும். ஒண்ணும் சொல்லலேன்னா சிபியூ கோர்ல பாதி எண்ணிக்கைக்கு வொர்க்கர் (ஒரே நேரத்துல டெஸ்ட் ஓட்டுற தனித்தனி பிராசஸ்) தொறக்கும், எட்டு ஜிபி லாப்டாப்ல அது மூச்சு வாங்கும், வொர்க்கர ஒண்ணு இல்ல ரெண்டுன்னு குறைச்சு வெச்சுக்கங்க. சிஐ லினக்ஸ் மெஷின்ல தமிழ் ஃபான்ட் இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா ஸ்கிரீன்ஷாட் ஒப்பிடுற டெஸ்ட்டெல்லாம் கட்டம் கட்டமா வந்து நிக்கும். ரீட்ரைய (ஃபெயில் ஆனத எத்தன தடவ திரும்ப ஓட்டணும்ங்கறது) ஒண்ணுக்கு மேல வெக்காதீங்க, ரெண்டாவது தடவ பாஸ் ஆனத அது ஃப்ளேக்கின்னு, அதாவது நம்ப முடியாததுன்னு தனியா காட்டும், அந்த லிஸ்ட்டத் தான் தினமும் மொதல்ல தொறந்து பாக்கணும், மண்டபம் விலை தொண்டியில போய் நின்ன மாதிரி விஷயமெல்லாம் அதுக்குள்ள தான் இருக்கும்.

கோட் எழுதத் தெரியாதவங்களுக்கு கோட்ஜென் இருக்கு, நீங்க பேஜ்ல அழுத்த அழுத்த அதுவே எழுதிக் குடுக்கும். அந்தக் கீழக்கரைப் பொண்ணு அப்படித்தான் ஆரம்பிச்சாங்க, இப்ப ரவுட் வெச்சு அவங்களே எழுதுறாங்க. பதிவு பண்ணத அப்படியே விட்டுடாம, ஒவ்வொரு கிளிக்குக்கு அப்புறமும் என்ன தெரியணும்னு ஒரு வரி கையால சேத்துருங்க.